‘சுவனீர் ஃபோல்டர்’: கொசுவமடல் என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுற்றுலா இடங்களின் படங்களை மடித்து அஞ்சலில் அனுப்பும்படி விற்ற ‘சுவனீர் ஃபோல்டர்’ என்ற பொருளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். கோப்புறை, நினைவஞ்சல், அஞ்சலட்டைத் தொகுப்பு ஆகிய மூன்றுக்கும்தான் ஆதரவு அதிகம். எனக்கு மூன்றிலும் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பொருளைக் கையில் வைத்துப் பிரித்துப் பார்த்தவருக்குத் தோன்றும் பெயர் வேறு, ‘ஃபோல்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் பார்த்தவருக்குத் தோன்றும் பெயர் வேறு.

பொருள் இதுதான். அமெரிக்காவில் நயாகரா, கிராண்ட் கேன்யன், மியாமி கடற்கரை மாதிரியான இடங்களில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கடைக்குக் கடை விற்றது. வெளியே தடித்த அட்டையில் ஒரு மேலுறை. அதன் ஒரு பக்கம் படம், பெரும்பாலும் ஊர்ப்பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் போட்டு ஒவ்வோர் எழுத்துக்குள்ளும் ஒரு காட்சியை வரைந்திருப்பார்கள். மறுபக்கம் முகவரி எழுதவும் தபால்தலை ஒட்டவும் இடம். உள்ளே ஒரே நீளத் தாள், இரு பக்கமும் அச்சடித்தது, முன்னும் பின்னுமாக மடித்து மேலுறையோடு ஒட்டியிருக்கும். இழுத்தால் 18, 20 படங்கள் வரிசையாக விரியும். மேலுறையின் ஓரத்தில் ஒரு நாக்கு, அதைக் கீறலில் செருகினால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

இப்போது பெயர்களுக்கு வருகிறேன். ‘கோப்புறை’ கணினிக்காக வந்து நிலைத்துவிட்ட சொல். கோப்புகளைப் போட்டு வைக்கும் உறை அது. நம் பொருளில் எதையும் போட்டு வைப்பதில்லை, படமும் உறையும் ஒரே உடம்பு. ‘நினைவஞ்சல்’ என்பதை எங்கள் வீட்டில் படித்துக் காட்டினால் யாருக்கு அஞ்சலி என்றுதான் கேட்பார்கள், நினைவஞ்சலிக்கும் அதற்கும் கடைசி இகரம் ஒன்றுதான் வித்தியாசம். ‘நினைவு மடல்’ என்றாலும் அதே வாடை வருகிறது, நினைவு மலர் என்று இறந்தவர் பெயரில் அச்சிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே.

‘அஞ்சலட்டைத் தொகுப்பு’ என்பதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். உள்ளே இருப்பவை அஞ்சலட்டைகளே அல்ல. ஒரு படத்தைத் திருப்பினால் பின்னாலும் இன்னொரு படம். முகவரி எழுத இடம் கிடையாது, தனியாகத் தபாலில் போட முடியாது, தாளும் மெல்லியது. ஆனால் ‘தொகுப்பு’ என்று ஒரு முறை பெயர் விழுந்துவிட்டால் பிரிக்கலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். பிரிக்கவும் செய்கிறார்கள். மேலுறையைக் கழித்துவிட்டு உள்தாளைப் படம் படமாக வெட்டி விற்கும்போது, எந்த ஆண்டுப் பொருள் என்று சொல்லக்கூடிய தடயங்களில் பாதிக்கு மேல் குப்பைக்குப் போய்விடுகிறது. அட்டவணையில் ‘20 அஞ்சலட்டைகள்’ என்று பதிவானால், பின்னால் வரும் ஆய்வாளர் அவை ஒரே தாளில் இருந்தன என்பதையே அறிய மாட்டார். எனவே பெயர் ‘இது ஒரே பொருள்’ என்று சொல்ல வேண்டும். எப்படி மடித்தது என்பதையும் தபாலில் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

என் முன்மொழிவு: கொசுவமடல்.

முன்னும் பின்னுமாக அடுக்கி மடிப்பதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது, கொசுவம். சேலைக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கத் தேவையில்லை, மடிப்பின் வடிவம் அதேதான். ‘விசிறி மடிப்பு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். விசிறி ஒரு முனையில் குவிந்திருக்கும், இந்தத் தாள் எங்கும் குவிவதில்லை, சம அகலத்தில் அடுக்காகவே நிற்கும். ‘மடல்’ கடிதத்துக்கும் வரும், தாழை மடல், வாழை மடல் என்று உறைபோல மூடுவதற்கும் வரும். இந்தப் பொருளுக்கு இரண்டும் பொருந்துகிறது. நயாகரா கொசுவமடல், மியாமி கொசுவமடல் என்று சொல்லிப் பாருங்கள், வாய்க்கு இடறவில்லை.

மூடும் நாக்கைச் ‘செருகுநாக்கு’ எனலாம். அதற்கு ஏன் தனிச்சொல் என்று கேட்டவருக்கு: அது ஒட்டாமல் செருகும்படி இருப்பதற்குக் காரணம் அஞ்சல் கட்டணம். அமெரிக்காவில் அப்போது அச்சிட்ட பொருளை மூன்றாம் வகுப்பு அஞ்சலில் மலிவாக அனுப்ப வேண்டுமானால் அஞ்சலகம் திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டியிருந்தது, கைப்பட எழுதிய செய்தியும் இருக்கக் கூடாது. அதனால்தான் தபால்தலைக் கட்டத்துக்குள் ‘செய்தி எழுதாவிட்டால் ஒன்றரை சென்ட்’ என்ற மாதிரி அச்சிட்டிருப்பார்கள். எழுதினால் கடிதக் கட்டணம், 1932 ஜூலையிலிருந்து அது 3 சென்டாக இருந்தது. அந்த ஒன்றரை சென்ட் கட்டணம் 1925 ஏப்ரலில் வந்தது, 1949 ஜனவரியில் 2 சென்ட் ஆனது. ஆக, கட்டத்தில் ஒன்றரை என்று இருந்தாலே கால் நூற்றாண்டுக்குள் அடைபட்டுவிட்டது. ஒட்டியிருப்பது மார்த்தா வாஷிங்டன் படம் போட்ட ஒன்றரை சென்ட் தலை என்றால் 1938க்கு முன் அனுப்பியிருக்க முடியாது, அந்தத் தலை வெளிவந்ததே அந்த ஆண்டில்தான்.

இங்கேதான் நாம் இன்னும் தொடாத பெரிய குழப்பம் இருக்கிறது. ‘இது எந்த ஆண்டு?’ என்று கேட்கும்போது எதன் ஆண்டைக் கேட்கிறோம்? படம் எடுத்த ஆண்டா, மடல் அச்சான ஆண்டா, தபாலில் போன ஆண்டா? மூன்றும் சுலபமாகப் பத்து வருடம் விலகி நிற்கும். பதிப்பாளர்கள் பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள், கடைக்காரரும் மீந்த சரக்கை விற்றுத் தீர்க்கத்தான் பார்ப்பார். எனவே பட ஆண்டு, அச்சாண்டு, அஞ்சலாண்டு என மூன்று தனிச்சொற்களும் அட்டவணையில் மூன்று தனிப் பத்திகளும் வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

நயாகராவையே பாருங்கள். அமெரிக்க அருவிக்குக் கீழே ஆற்றைக் கடக்கும் ஹனிமூன் பாலம் என்ற எஃகு வளைவுப் பாலம் 1938 ஜனவரி 27 அன்று விழுந்தது. ஈரி ஏரியிலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வந்த பனிக்கட்டி மலையாகக் குவிந்து பாலத்தின் அடிமானத்தை நெருக்கிவிட்டது. அதற்குச் சற்று வடக்கே ரெயின்போ பாலம் 1941 நவம்பரில் திறந்தது. ஆகவே பழைய பாலம் தெரிந்தால் பட ஆண்டு 1938 ஜனவரிக்கு முந்தியது, முடிந்த ரெயின்போ பாலம் தெரிந்தால் 1941ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. கரையோரப் பள்ளத்தாக்கில் டிராம் வண்டி ஓடும் காட்சி இருந்தால் 1935க்குப் பிறகு எடுத்ததாக இருக்காது, அந்த ஆண்டு செப்டம்பரில் பாறைச்சரிவோடு அந்தத் தடம் மூடப்பட்டது. பிராஸ்பெக்ட் பாயின்ட் முனை 1954 ஜூலையில் பெரிதாக இடிந்து விழுந்தது, அதற்கு முன்னும் பின்னும் அமெரிக்க அருவியின் ஓரம் ஒரே மாதிரி இருக்காது. கனடா பக்கம் ஸ்கைலான் கோபுரம் தெரிந்தால் 1960களின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம்.

ஆனால் இவை எல்லாம் பட ஆண்டுக்கு மட்டும்தான். ஒரே கொசுவமடலில் டிராம் வண்டியும் ரெயின்போ பாலமும் பக்கத்துப் பக்கத்தில் வரலாம், அப்போது அச்சாண்டு உள்ளே இருப்பதில் மிகப் புதிய காட்சிக்கு முந்தியதாக இருக்க முடியாது. இன்னொன்று, இவை பெரும்பாலும் வண்ணப் புகைப்படங்கள் அல்ல. கருப்பு வெள்ளைப் படத்தின் மேல் ஓவியர்கள் நிறம் ஏற்றி, கம்பத்தையும் கம்பியையும் அழித்து, வானத்தில் மேகம் சேர்த்து அச்சுக்கு அனுப்பினார்கள். படத்தில் ஒன்று இல்லை என்பதை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள்.

பதிப்பாளர் எண்ணும் உதவும். சிகாகோவின் கர்ட் டைக் நிறுவனம் தன் தனி அட்டைகளில் 8ஏ-எச், 1பி-எச் என்று தொடங்கும் எண் இட்டது. ஏ என்றால் 1930கள், பி 1940கள், சி 1950கள், முன்னால் உள்ள இலக்கம் அந்தப் பத்தாண்டுக்குள் ஆண்டு. அப்படியானால் 8ஏ 1938, 1பி 1941. இந்த வாய்பாட்டைக் கொசுவமடலின் மேலுறை எண்ணில் அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம், மடல்களுக்கு வேறு வரிசை. உள்ளே உள்ள அதே படம் தனி அட்டையாகவும் விற்றிருக்கும், அதைத் தேடிப் பிடித்து அதன் எண்ணைப் படியுங்கள். அந்த நிறுவனத்தின் ஆவணங்கள் இப்போது சிகாகோவின் நியூபெரி நூலகத்தில் இருக்கின்றன.

இப்படிக் கிடைப்பவை எல்லாம் ‘இதற்கு முன் இருக்க முடியாது’, ‘இதற்குப் பின் இருக்க முடியாது’ என்ற வகை. இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டியதில்லை. இலக்கியக் காலம் கணிப்பவர்கள் மேல் எல்லை, கீழ் எல்லை என்று நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள், அதையே எடுத்துக்கொள்வோம். மார்த்தா வாஷிங்டன் தலை அஞ்சலாண்டுக்கு மேல் எல்லை (இதற்கு முன் இல்லை) தருகிறது, அஞ்சல் முத்திரை அச்சாண்டுக்குக் கீழ் எல்லை (இதற்குப் பின் இல்லை) தருகிறது. சொல்லும்போதே எது எதற்கு என்று தெளிவாகிவிடுகிறது.

அப்புறம், ‘லினன்’ அட்டைக்குத் ‘துணி அட்டை’ என்று ஒருவர் சொன்னது வேண்டாம். அது துணியே அல்ல, தாளின் மேல் நெசவு மாதிரி வரி அழுத்தியிருக்கிறார்கள். ‘நெசவுவரி அட்டை’ சரியாக இருக்கும். ஊர்ப்பெயர் எழுத்துக்குள் காட்சி வரும் அந்த முகப்புக்குப் ‘பேரெழுத்து முகப்பு’ என்று அம்மா ஒருவர் தந்த சொல்லை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

கொசுவமடலுக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். வைத்திருப்பவர்கள் மேலுறையின் இரு பக்கத்தையும் தபால்தலைக் கட்டம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினால், மூன்று ஆண்டுப் பத்திகளையும் நிரப்பி ஒரு மாதிரி அட்டவணை போட்டுப் பார்த்துவிடலாம்.