படுத்தா கால் குடையுது: வலி மாத்திரையை விட்டவங்க எழுதுங்க

லோடுமேன்_27

வயசு 27. பார்சல் ஷெட்டுல மூட்டை தூக்குற வேலை. ரெண்டு வருஷம் முன்ன இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கூட வேலை செய்யுறவன் "இதப் போடு மச்சி, மூட்டை பஞ்சு மாதிரி இருக்கும்"னு பாதி அட்டையக் கிழிச்சுக் குடுத்தான். டபென்டடால்னு ஒரு வலி மாத்திரை. பஞ்சு மாதிரிதான் இருந்துச்சு. இடுப்பு வலி ஒரு மாசத்துல போயிடுச்சு, மாத்திரை போகல. ஊசி போட்டதில்ல, வாயிலதான். ஒரு நாளைக்கு எத்தனைன்னு எழுத மாட்டேன். படிக்கிறவன் தன் கணக்கோட ஒப்பிட்டு "அப்ப நான் பரவால்ல"ன்னு நினைப்பான். நானே அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்.

போன செவ்வாக்கிழமை மாத்திரை குடுக்குறவன் உள்ள போயிட்டான். சரி, இதோட விட்டுடலாம்னு முடிவு பண்ணேன். வீரம்லாம் இல்ல, கையில மாத்திரை இல்ல, அவ்ளோதான்.

முதல் ராத்திரி கொட்டாவி. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது, தாடையே வலிச்சுப் போச்சு. கண்ணுல மூக்குல தண்ணி, உடம்பெல்லாம் முடி நட்டுக்கிச்சு. சளி பிடிச்சிருக்குன்னு அம்மா மிளகு கஷாயம் வெச்சாங்க. கால் ஆரம்பிச்சது ரெண்டாவது ராத்திரி. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வலி இல்ல. எலும்புக்கும் சதைக்கும் நடுவுல எறும்பு ஊருது. நீட்டினா மடக்கணும், மடக்கினா நீட்டணும். உதறினா ரெண்டு செகண்ட் நிம்மதி, திரும்ப வந்துடும். கண்ணு சொக்குற நேரம் பார்த்து தொடை தானா வெட்டி இழுக்கும். அப்படி ஒரு தடவ இழுத்ததுல கால்மாட்டுல இருந்த குடம் உருண்டு பாயெல்லாம் தண்ணி. தங்கச்சி அலறிட்டா. அம்மா கோடாலித் தைலம் தேய்ச்சு, பழைய புடவையக் கிழிச்சு கெண்டைக்கால்ல இறுக்கிக் கட்டுனாங்க. கட்டு இறுக்கமா இருக்குற வரைக்கும் கொஞ்சம் தேவல. நரம்புத் தளர்ச்சின்னு பக்கத்து வீட்டு ஆயா தீர்ப்பு சொல்லிட்டுப் போச்சு. வீட்டுல மாத்திரை விஷயம் யாருக்கும் தெரியாது.

இன்னிக்கு நாலாவது ராத்திரி. நாலு ராத்திரியும் சேர்த்து அஞ்சு மணி நேரம் தூங்கியிருந்தா அதிகம். இது எப்ப நிக்கும்? அது மட்டும் சொல்லுங்க. ஒரு மாத்திரை போட்டா நிக்கும்னு எனக்கே தெரியும். அதனாலதான் இங்க எழுதிட்டிருக்கேன்.

வைகைக்கரை

தம்பி, நான் விட்டு மூணு வருஷம் ஆச்சு. எனக்கும் அதே அட்டைதான். நாலாவது ராத்திரின்னா உச்சியத் தாண்டி இறங்கிக்கிட்டு இருக்க. இந்த மாத்திரை சீக்கிரம் உடம்ப விட்டுப் போற வகை. அதனால கடைசியாப் போட்ட பத்துப் பன்னெண்டு மணி நேரத்துல கொட்டாவி தொடங்கிரும், ரெண்டாவது மூணாவது நாள் மோசம், ஒரு வாரம் பத்து நாள்ல வயிறு, வேர்வை, மூக்கொழுகல் எல்லாம் அடங்கிரும். தூக்கம் மட்டும் கடைசி பஸ்லதான் வரும். எனக்கு முழுசா ஒரு ராத்திரி தூக்கம் வந்தது அஞ்சாவது வாரம். பயமுறுத்தச் சொல்லல. பத்தாவது நாள் தூக்கம் வரலன்னதும் "நமக்கு மட்டும் சரியாகாது போல"ன்னு நினைச்சுத் திரும்பப் போனவய்ங்கள நான் பாத்திருக்கேன்.

அப்ப நான் மொட்டை மாடியில ராத்திரி ரெண்டு மணிக்கு நடப்பேன். தெரு நாயெல்லாம் முதல் நாள் குலைச்சுச்சு, நாலாம் நாள் கூடவே நடந்துச்சு. நடக்குறப்ப குடைச்சல் இருக்காது, படுத்தாத்தான். மாடி அலுத்துப்போய் டீக்கடைக்குப் போயிருவேன், எங்க ஊர்ல எந்நேரமும் ஒரு கடை திறந்திருக்கும். அங்க ஸ்ட்ராங்கா டீயப் போட்டுட்டு வந்து தூக்கம் வரலன்னு அழுதவன் நானு. சாயங்காலத்துக்கு மேல டீ, காபிய நிறுத்து. பக்கெட்ல பொறுக்குற சூட்டுல தண்ணி ஊத்தி முழங்கால் வரைக்கும் வெச்சு இரு. அரை மணி நேரம் கிடைக்கும்.

இன்னொன்னு, இதை ரெண்டு தடவ படி. நான் முதல் தடவ விட்டப்ப ஒம்பதாவது நாள் தாங்காமப் பழைய அளவையே அப்படியே போட்டேன். ரூம்ல கூட இருந்த மாப்ள பாத்தப்ப உதடு நீலமா இருந்துச்சாம், மூச்சு எப்பவாவது ஒண்ணு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல தூக்கிட்டு ஓடியிருக்கான். விட்ட சில நாள்லயே உடம்பு பழைய அளவத் தாங்குற சக்திய இழந்துருது. மனசு மட்டும் பழைய கணக்கையே வெச்சிருக்கு. கால் குடைச்சல்ல யாரும் சாகல தம்பி, அதுக்குப் பயந்து பழைய அளவுக்குத் திரும்பிப் போறவன்தான் சாகுறான்.

வார்டு அக்கா

அரசு ஆஸ்பத்திரியில போதை மீட்பு வார்டுல வேலை பார்க்கிறேன். ராத்திரி டியூட்டியில நான் அதிகம் கேக்குற வார்த்தையே "அக்கா, கால் குடையுது"தான். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

ஆயா சொன்ன நரம்புத் தளர்ச்சி இல்ல இது. மூளைத்தண்டுல லோக்கஸ் செருலியஸ்னு ஒரு சின்ன இடம், நம்மள உஷாரா வெச்சுக்கிற நார்அட்ரினலின் அங்கிருந்துதான் கிளம்புது. அபின் வகை மாத்திரை அதுமேல தினம் கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி அமுக்குது. உடம்பு சும்மா இருக்குமா, அமுக்க அமுக்க அந்த இடத்த இன்னும் வேகமா ஓட்டிப் பழகிடுது. ஒரு நாள் திடீர்னு கல்லை எடுத்துட்டா? அந்த வேகம் அப்படியே வெளிய வருது. வேர்வை, படபடப்பு, முடி நட்டுக்கிறது, தூக்கமின்மை எல்லாம் அதுதான். டபென்டடால்ல கூடுதலா ஒரு வேலை இருக்கு, நார்அட்ரினலின நரம்பு முனை திரும்ப உறிஞ்ச விடாமத் தடுக்கும். அதனால நிறுத்துறப்ப உடம்பு ரெண்டு கணக்க ஒரே நேரத்துல நேர் பண்ண வேண்டியிருக்கு.

2018 ஏப்ரல்ல டிராமடால்ங்கிற இன்னொரு வலி மாத்திரைய போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அதுக்கப்புறம் எங்க வார்டுக்கு வர்ற பசங்க வாயில பேர் மாறுச்சு. முன்ன டிராமடால், இப்ப டபென்டடால். கரைச்சு ஊசியில ஏத்துறவங்க கை காலப் பார்த்தா வயிறு கலங்கும். மாத்திரையில இருக்கிற மாவும் பசையும் ரத்தத்துல கரையாது. நரம்பு அடைச்சு, சீழ் பிடிச்சு, ஊசி மாத்தி மாத்திப் போட்டு மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. வரைக்கும் வருது.

தூக்கத்துக்குன்னு மெடிக்கல்ல ஏவில் வாங்கிப் போடாதீங்க. இங்க பாதிப் பேர் அதத்தான் செய்யுறாங்க. தூக்கம் வர வைக்கிற அலர்ஜி மாத்திரைகள் கால் குடைச்சல இன்னும் கூட்டும். கண்ணு சொக்கும், கால் விடாது, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்குவீங்க. இரும்புச் சத்து குறைவா இருந்தாலும் இந்தக் குடைச்சல் அதிகமா இருக்கும், ரத்தப் பரிசோதனையில ஃபெரிட்டின், அதாவது உடம்புல சேர்த்து வெச்சிருக்கிற இரும்போட அளவு, பார்க்கச் சொல்லுங்க. ரெண்டு வருஷமா சரியாச் சாப்பிடாத உடம்புல இரும்பு எங்க இருக்கும்?

டாக்டர்கிட்ட போனா என்ன செய்வாங்கன்னு பயந்துதான் பாதிப் பேர் வர்றதில்ல. பெரும்பாலும் குளோனிடின்னு ஒரு பிரஷர் மாத்திரை தருவோம், நான் சொன்ன அந்த வேகத்த அது குறைக்கும். ரத்த அழுத்தம் பார்த்துத்தான் தரணும், கடையில வாங்கிப் போட்டா எழுந்து நிக்கிறப்ப மயங்கி விழுவீங்க. பழக்கம் முத்தியிருந்தா நாக்குக்கு அடியில வைக்கிற பியூப்ரெனார்ஃபின். அது ஒரு போதைக்கு இன்னொரு போதை இல்ல, எங்க மேற்பார்வையில தர்ற மருந்து. ஆனா எடுத்தவுடனே தரக்கூடாது, பழைய மாத்திரை உடம்பை விட்டு இறங்கின பிறகுதான்.

உடனே தூக்கிட்டு ஓட வேண்டியது எது? காய்ச்சலோட வெட்டி வெட்டி இழுக்குது, கண்மணி பெருசாகியிருக்கு, பிதற்றல். முக்கியமா, மனச்சோர்வு மாத்திரை போடுறவங்க டபென்டடாலையோ கல்யாண வீட்டு பார்ட்டியில யாரோ குடுத்த எக்ஸ்டஸி போதை மாத்திரையையோ சேர்த்துப் போட்டப்ப இப்படி ஆகும். மூளையில செரோடோனின்ங்கிற ரசாயனம் அளவுக்கு மேல ஏறிப்போறது. நாங்க பாதத்த மேல சட்டுனு தள்ளிப் பார்ப்போம், கால் தானா தையல் மிஷின் மாதிரி ஆட ஆரம்பிக்கும். அது போட்ட சில மணி நேரத்துலயே வர்றது. மாத்திரைய விட்ட நாலாம் நாள் வர்ற உங்க குடைச்சல் வேற. டபென்டடால் அதிகமானா வலிப்பும் வரும், அதையும் சொல்லிடுறேன்.

14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க. போதைக்குன்னே இருக்கிற எண் 14446. சென்னைன்னா கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துல புறநோயாளிப் பிரிவு இருக்கு.

பனங்கூடல்

யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். என்ர தம்பி தூள், அதுதான் ஹெரோயின், பாவிச்சவன். முதல்ல சிகரெட்டுக்குள்ள, பிறகு ஊசி. நாங்கள் பெரிய கெட்டித்தனமெண்டு நினைச்சு அறையில போட்டுப் பூட்டினம். இரவிரவா நித்திரை இல்லை. காலை உதறி உதறிக் கட்டில் சுவரில இடிக்கும். அம்மா மற்றப் பக்கம் சுவரில காதை வைச்சபடி இருப்பா. சத்தம் கேட்டாலும் அழுவா, சத்தம் நிண்டாலும் பயந்து எழும்புவா. மூண்டாம் நாள் சத்தம் உண்மையிலேயே நிண்டிட்டுது. சத்தியும் வயித்தோட்டமும் விடாமல் போய் உடம்பில தண்ணி இல்லை, நாக்கு வறண்டு மயங்கிக் கிடந்தவன். ஆசுப்பத்திரியில சேலைன் ஏத்தின பிறகுதான் கண் முழிச்சவன்.

வீட்டில பூட்டி வைக்கிற ஆக்களுக்குச் சொல்லுறன், தண்ணி, உப்பு, சீனி, கஞ்சி, எதையாவது மணிக்கொரு தரம் குடுங்கோ. கதவைத் திறந்து வையுங்கோ. தம்பி இப்ப ஒரு வருசமா ஒண்டும் எடுக்கேல்லை. இப்பவும் கடுமையாக் களைச்ச நாளில நித்திரையில கால் உதறுறான். அம்மா உடனே எழும்பிப் போய்ப் பாக்கிறா. நான் அவவைப் படுக்கச் சொல்லுறேல்லை.

பீளமேடுபையன்

உங்க முன்னாடி என்னோடது ஒண்ணுமே இல்லைங்க. காலேஜ்ல இருந்து தினம் ராத்திரி கஞ்சா, ஏழு வருசம். நிறுத்தினதும் கால் குடைச்சல் எல்லாம் இல்ல, தூங்கப் போறப்ப மாடியில இருந்து விழுற மாதிரி உடம்பு தூக்கிப் போடும், அப்புறம் கனவு. அதென்ன கனவுங்க, சினிமாஸ்கோப்ல! செத்துப்போன தாத்தா கூடத் தறியில உக்காந்து சண்டை போட்டேன். கஞ்சா அத்தனை வருசம் கனவுத் தூக்கத்த அமுக்கி வெச்சிருந்துச்சாம், விட்டதும் மொத்தமா வட்டியோட திரும்பிச்சு. ரெண்டு வாரத்துல குறைஞ்சுது, ஒரு மாசத்துக்கு மேல அங்கொண்ணும் இங்கொண்ணுமா வந்துச்சு. வேர்வையில தலையணை நனையும். அவ்ளோதானுங்க.

பேரில்லாதவள்

என் வீட்டுக்காரருக்குக் குடியும் தூக்க மாத்திரையும் சேர்ந்த பழக்கம். சபரிமலைக்கு மாலை போட்டார், ஒரே நாள்ல ரெண்டையும் நிறுத்தினார். எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். அன்னிக்குச் சாயங்காலத்துல இருந்தே கை நடுக்கம், ராத்திரி தூக்கத்துல விரல் துடிச்சது, உதடு துடிச்சது. சாமி அருள்னு மாமியார் விபூதி பூசினாங்க. மறுநாள் ராத்திரி பல் கிட்டி, வாயில நுரை. வலிப்பு. நாக்கைக் கடிச்சு ரத்தம். அதுக்கப்புறம் மூணு நாள் ஐ.சி.யூ.வுல, சுவத்துல பூச்சி ஊருதுன்னு கையால தட்டிக்கிட்டே இருந்தார்.

அதனால "துடிப்புதானே"ன்னு இங்க யாரும் எழுதாதீங்க. எதை நிறுத்தினார்னு கேட்டுட்டு எழுதுங்க.

வார்டு அக்கா

இவங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. நான் முதல்லயே எழுதியிருக்கணும். குடி, தூக்க மாத்திரை ரெண்டையும் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வந்து உயிரே போகலாம். குடியில பெரும்பாலும் முதல் ரெண்டு நாளுக்குள்ள வரும், தூக்க மாத்திரையில சில நாள் தள்ளியும் வரலாம். டாக்டர் சொல்ற கணக்குல கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும், வீட்டுல வேண்டாம். லோடுமேன் தம்பி, அந்த மாத்திரை கூட வேற எதாவது போட்டியா? மறைக்காம சொல்லு.

இயற்கைவழி

எதுக்கு இத்தனை இங்கிலீஷ் மருந்து? அமுக்கரா சூரணம் பால்ல கலந்து குடிங்க, பி12 ஊசி நாலு போடுங்க. நரம்பு முறுக்கேறிடும்.

வைகைக்கரை

அண்ணே, அவன் நரம்பு ஏற்கெனவே முறுக்கிக்கிட்டுத்தான் கிடக்கு. இன்னும் எங்க ஏத்துறது?

லோடுமேன்_27

அக்கா, வேற எதுவும் போடல. சனிக்கிழமை மட்டும் பீர். உண்மையாத்தான்.

இன்னிக்கு பன்னெண்டாவது நாள். ஆறாவது நாள் அம்மாகிட்ட சொல்லிட்டேன். அடிப்பாங்கன்னு நினைச்சேன். "அந்தச் சளிக்கு நான் வெச்ச கஷாயமெல்லாம் இதுக்கா"ன்னு மட்டும் கேட்டாங்க. கீழ்ப்பாக்கம்னதும் அழுதாங்க, எங்க ஏரியாவுல அந்தப் பேரைத் திட்டுறதுக்குத்தான் சொல்லுவாங்க. அப்புறம் அவங்களேதான் கூட வந்தாங்க. டாக்டர் பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுத்தாங்க, ஹீமோகுளோபின் கம்மி. அக்கா சொன்ன அந்த பிரஷர் மாத்திரை, இரும்பு மாத்திரை. அடுத்த வாரம் திரும்ப வரச் சொல்லியிருக்காங்க, கவுன்சலிங் இருக்காம்.

நேத்து ஒரு மணியில இருந்து நாலரை வரைக்கும் ஒரே தூக்கம். கால் இன்னும் குடையுது, ஆனா ராத்திரி பூரா இல்ல. புடவைத் துணி கொடியில காயுது. குடத்தை மட்டும் அம்மா இன்னும் கால்மாட்டுக்குக் கொண்டு வரல, வாசப்படிகிட்டயே வெச்சிருக்காங்க.