லைப்ரரியை ரேப்பில எடுத்தாப் பிறின்ற்றும் வருமோ?

மாங்குளத்தான்:
நேற்று பரந்தன் தம்பி எழுதினது: “ஐபிஎம்மின்ர ஏஎஸ்/400 மெஷினில லைப்ரரியை (பைல்களைச் சேத்து வைக்கிற இடம்) ரேப்புக்கு சேவ் பண்ணினாக் காணும், அடிக்காமல் கிடக்கிற பிறின்ற் எல்லாம் அதோட வரும்.” வராது, தம்பி. லைப்ரரியை சேவ் பண்ணுற சேவ்லிப் கட்டளையில ஸ்பூல் டேட்டா (அடிக்காமல் கிடக்கிற பிறின்ற்) எண்ட இடத்தில ‘நன்’ (ஒண்டும் வேண்டாம்) எண்டுதான் கிடக்கும். ‘ஆல்’ (எல்லாம்) எண்டு மாத்தாட்டி, பிறின்ற் வரிசையில நிக்கிற அவுட்கியூ வெறுமையாத்தான் ரேப்புக்குப் போகும்.

பரந்தன் பொடியன்:
அண்ணை, நான் என்ர கையால மீட்டுப் பாத்தனான். எல்லாம் இருந்தது. பிறகென்ன கதை?

மாங்குளத்தான்:
எந்த மெஷினில மீட்டனீர்? அதே மெஷினிலதானே? பழைய பைல் அழியாமல் அங்கயே கிடந்திருக்கும். அதைப் பாத்திட்டு ரேப்பில இருந்து வந்ததெண்டுறீர். கொழும்பில நான் வேலை செய்த இடத்தில புது மெஷினுக்கு மாறேக்க இதாலதான் அடிபட்டனாங்கள். அவுட்கியூப் பெயரெல்லாம் வரிசையா நிக்குது, பக்கத்தில பைல் எண்ட நிரலில சைபர், சைபர், சைபர். ஆறு மாத வட்டிக் கணக்கு அதுக்குள்ள. அதுக்கிடையில பழைய மெஷினைத் துடைச்சிட்டாங்கள்.

வவுனியா அக்கா:
அந்த ‘ஆல்’ தெரிவே ஏஎஸ்/400 இன்ர வி5ஆர்4 பதிப்பிலதான் வந்தது, 2006 இல. அதுக்கு முதல் ஒவ்வொரு ஸ்பூலையும் டேட்டாபேஸ் பைலுக்குக் கொப்பி பண்ணி வைப்பம். எழுத்து மிஞ்சும், ஃபொன்ற், ஓவர்லே (பின்னால விழுற படிவம்) எல்லாம் போயிடும்.

மாங்குளத்தான்:
அக்கா, ஆர் இப்ப 2006 ஐக் கேட்டது? ‘நன்’னோ ‘ஆல்’லோ, அதுதான் கேள்வி.

பரந்தன் பொடியன்:
கோ சேவ் மெனுவில 21 ஆம் தெரிவைக் குடுத்தா முழு மெஷினும் போகுதெல்லோ? அப்ப பிறின்ற் மட்டும் நடந்தோ வரும்?

மாங்குளத்தான்:
21 இலயும் ஸ்பூல் டேட்டாவைக் கேக்கும். அங்கயும் ‘நன்’தான். எத்தினை தரம் சொல்லுறது?

கிளிநொச்சிக் கடை:
எங்கட கடையில விண்டோஸ். ஸ்பூல் ஃபோல்டருக்குள்ள கிடக்கிற எஸ்பிஎல் பைலை (அடிக்கவேண்டியது அதுக்குள்ள) பென் டிரைவில ஏத்தினா வேலை முடிஞ்சுது. ஏன் இந்தச் சண்டை?

வவுனியா அக்கா:
எஸ்எச்டி பைலையும் எடுத்தனீங்களோ? எந்தப் பிறின்ரர், ஆர் அனுப்பினது எண்டதெல்லாம் அதிலதான் கிடக்கு. ஸ்பூலரை நிப்பாட்டிப்போட்டு ரெண்டையும் சேத்துத்தான் திருப்பிப் போடவேணும்.

கிளிநொச்சிக் கடை:
பத்து வருசமாக் கடை நடத்திறன். எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.

பரந்தன் பொடியன்:
மாங்குளத்தண்ணை கொழும்பில ஏசிக்குள்ள இருந்தவர். நாங்கள் இஞ்ச ஜெனரேற்றர் போட்டுக் கொம்பியூட்டர் படிச்சனாங்கள். எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.

மாங்குளத்தான்:
நானும் குப்பி விளக்கில படிச்சவன்தான். விளக்குக்கும் ‘நன்’னுக்கும் என்ன சம்பந்தம்? மீட்கிற கட்டளையில ‘நியூ’ (மெஷினில இல்லாதது மட்டும்) எண்டு கிடக்கும். ஏற்கெனவே இருக்கிற ஸ்பூலை அது தொடாது. அதுதான் உம்மை ஏமாத்தினது. ரேப்பை வேற மெஷினில போட்டு, அந்தப் பைல் நிரலைப் படமெடுத்துப் போடும்.

பரந்தன் பொடியன்:
உங்களுக்குப் படம் காட்ட எனக்கென்ன தேவை? எனக்கு வந்தது வந்ததுதான்.

மாங்குளத்தான்:
வராது.

வவுனியா அக்கா:
2006 எண்டு நான் சொன்னதை ஒருத்தரும் கண்டுகொள்ளேல்லை.