தாருக்கு 33 இன்ச் டயர்: எழுதிக் கொடுத்தால் ஆர்சி-யில் ஏறுமா?

காட்டுவழி:
மஹிந்திரா தார் ஜீப்பில் பாடியை உயர்த்தும் லிஃப்ட் கிட், 33 இன்ச் டயர், வின்ச்சோடு (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) இரும்பு பம்பர் எல்லாம் மாட்டிவிட்டு 14 நாளுக்குள் ஆர்டிஓ-வில் எழுதிக் கொடுத்தால் ஆர்சி-யில் (பதிவுச் சான்றில்) ஏற்றித் தருவார்கள் என்று நேற்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். இதை நம்பி ஒரு பையன் முன்பணம் கட்டப் போகிறான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைப் படியுங்கள். ஆர்சி-யில் இருக்கும் விவரம் தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது.

டீசல்மணி:
அந்த ஒருவர் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அதே 52-இல் 14 நாள் என்று இருக்கிறதா இல்லையா? அப்புறம், லாரி, பஸ் ஆர்சி-யில்தான் டயர் அளவு இருக்கும். சொந்த வண்டி ஆர்சி-யில் கிடையாது. இல்லாத விவரத்துக்கு எப்படி மாறாகப் போகும்?

காட்டுவழி:
14 நாள் என்பது சட்டம் அனுமதிக்கிற மாற்றத்துக்கு. பெட்ரோல் வண்டியில் அங்கீகாரம் பெற்ற சிஎன்ஜி கிட் போடுகிறோமே, அந்த மாதிரி. தார் எல்எக்ஸ் மாடலில் வருவது 255/65 ஆர்18 டயர், விட்டம் 789 மி.மீ. 33 இன்ச் என்றால் 838. மீட்டர் காட்டுவதைவிட 6 சதவீதம் வேகமாகப் போவீர்கள். இத்தனைக்கும் பின் ஆக்சில் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) தரையிலிருந்து உயர்வது 25 மி.மீ.தான், ஏனென்றால் லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும், ஆக்சிலைத் தூக்காது. பாறை இடிக்கிற இடம் அந்த ஆக்சில்தான்.

டீசல்மணி:
கணக்கு வாத்தியார் வந்துவிட்டார். கம்பெனி மீட்டரே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஆர்சி-யில் டயர் அளவு எங்கே? அதைக் காட்டுங்கள்.

ஜிப்ஸிக்காரன்:
52-க்குக் கீழேயே விளக்கம் இருக்கிறது. அடிப்படை அம்சம் மாறும்படி வண்டியின் கட்டமைப்பை மாற்றினால்தான் அது ‘மாற்றம்’. டயர் கட்டமைப்பா என்று முதலில் பேசுங்களேன்.

டீசல்மணி:
அதெல்லாம் வேண்டாம் தம்பி. ஆர்சி-யில் டயர் இல்லை. அவ்வளவுதான்.

காட்டுவழி:
ஆர்சி ஆர்சி என்று எத்தனை தடவை? பம்பரைப் பற்றி வாயே திறக்கவில்லையே? 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு புல்பார் (முன்னால் மாட்டும் இந்த மாதிரி இரும்புத் தடுப்பு) கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அதே சட்டத்தின் 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், இரண்டும் சேர்ந்தும் வரலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் பார்ப்பதும் இதைத்தான். அந்தப் பையனுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன், உங்களை ஜெயிக்க அல்ல.

மலைஜீப்:
ஹரியானாவின் மண்டி டப்வாலியில் தெருவெல்லாம் ஜீப் கட்டி விற்கிறார்கள், அங்கே போய்ச் சட்டம் பேசுங்கள் அண்ணே.

காட்டுவழி:
விற்கிறார்கள் என்றால் சட்டப்படி சரியாகிவிடுமா? பிடிபட்டால் மாட்டுவது வாங்கியவனும்தான்.

டீசல்மணி:
கொல்லிமலை ட்ரைவில் எதையும் மாற்றாத உங்கள் ஸ்டாக் ஜிம்னி ஜீப் சேற்றில் உட்கார்ந்தபோது கயிறு கட்டி இழுத்தது என்னுடைய 33 இன்ச் வண்டிதான். அன்றைக்கு 52-ஆம் பிரிவு ஞாபகம் வரவில்லையா?

காட்டுவழி:
இழுத்ததற்கு அன்றே நன்றி சொல்லிவிட்டேன், அதை வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்ட வேண்டாம். இழுத்த வண்டி என்பதால் அது சட்டப்படியான வண்டி ஆகிவிடாது. உங்கள் ஆர்டிஓ ஏற்றிக் கொடுத்த ஆர்சி இருந்தால் எண்ணை மறைத்துப் படம் போடுங்கள்.

டீசல்மணி:
டயர் அளவே இல்லாத ஆர்சி-யில் எதை ஏற்றுவார்கள்? அதைத்தானே காலையிலிருந்து கேட்கிறேன்.