கேஷுவாலிட்டிக்குக் குழந்தை வந்தபோது: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நைட் டூட்டி சிஸ்டர்:

அரசு ஆஸ்பத்திரி ஒன்றின் கேஷுவாலிட்டியில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். நெஞ்சுவலி, பைக் விபத்து, பூச்சிமருந்து குடித்தவர்கள் என்று எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். குழந்தை மோசமான நிலையில் வருவது எப்போதாவதுதான். அதுதான் சிக்கலே. நெஞ்சுவலிக்காரர் வந்தால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியதில்லை, கை தானாக வேலை செய்யும். குழந்தை வந்தால் அதே ஆட்கள் டிராயர் டிராயராகத் திறந்து தேடுவார்கள்.

ஒரு ராத்திரி ஒன்றேகால் வயசுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். காய்ச்சலில் ஜன்னி, நிற்கவே இல்லை. பிள்ளையின் உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். டூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ?" குழந்தைக்கு மருந்தெல்லாம் கிலோ கணக்கு. எங்கள் எடைமெஷின் இருந்ததோ தடுப்பூசி அறையில், அந்த அறையைச் சாயங்காலமே பூட்டிவிடுவார்கள். நல்லவேளை, பிள்ளையின் அம்மா தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துவந்திருந்தார். போன மாசம் ஒன்பதரை கிலோ என்று அதில் எழுதியிருந்தது. ஜன்னியை நிறுத்தும் மிடசோலம் மருந்தை மூக்கில் அடித்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆக்சிஜன் கொடுத்து, சர்க்கரை பார்த்தோம். ஜன்னி நின்றது, பிள்ளை வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அட்டை இல்லாமல் வந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று எங்கள் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் மேடம் விடாமல் கேட்டார். எடைமெஷின் இப்போது வாசலை ஒட்டியே இருக்கிறது. சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறோம். 3 கிலோவிலிருந்து 30 கிலோ வரை ஒவ்வொரு எடைக்கும் எந்த மருந்து எத்தனை மி.லி. என்று கணக்குப் போட்டே எழுதிவைத்தது. மில்லிகிராம் அல்ல, சிரிஞ்சில் எத்தனை மி.லி. இழுக்கவேண்டும் என்பது. எங்கள் ஸ்டோரிலிருந்து வரும் அட்ரினலின் ஆம்ப்யூல் 1:1000, அதாவது ஒரு மி.லி.யில் ஒரு மில்லிகிராம் மருந்து. இதயம் நின்ற குழந்தைக்கு அதில் 1 மி.லி. எடுத்து 9 மி.லி. சலைன் சேர்த்து 1:10,000 ஆக்கி, கிலோவுக்கு 0.1 மி.லி. கொடுக்கவேண்டும். 10 கிலோ பிள்ளைக்கு 1 மி.லி. பகலில் உட்கார்ந்து படிக்கும்போது எளிதாகத்தான் தெரியும். ராத்திரி மூன்று மணிக்கு, பக்கத்தில் தாய் கதறிக்கொண்டிருக்கும்போது, ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்கு ஆகிவிடும்.

உங்கள் இடங்களில் எப்படி? நர்ஸ், டாக்டர், பெற்றோர், ஆம்புலன்ஸ்காரர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

108 இ.எம்.டி.:

வணக்கம் சிஸ்டர். நாங்க ஆம்புலன்ஸ்ல கொண்டுபோய் இறக்குற வாசலிலேயே ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம் தெரியும். மூணு வயசுக் குழந்தை, கூல்டிரிங்ஸ் பாட்டில்ல இருந்த மண்ணெண்ணெயைக் குடிச்சிடுச்சு. பாட்டி பதறிப்போய் உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சிட்டாங்க. அவங்களை யாரும் திட்டாதீங்க, அந்தக் காலத்துல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. ஆனா மண்ணெண்ணெய்க்கு வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நுரையீரலுக்குள்ள போயிடும். வண்டியிலிருந்தே போன் பண்ணி வயசு, உத்தேச எடை, மூச்சு எண்ணிக்கை எல்லாம் சொன்னேன். பைலட் அண்ணன் (எங்க டிரைவர்) வண்டியை நிறுத்தும்போது அங்க குழந்தை மாஸ்க்கை ஆக்சிஜன்ல மாட்டி, மூச்சு குடுக்க அமுக்குற சின்ன ஆம்பு பேக்கைக் கையில எடுத்துவச்சிருந்தாங்க. மனசு நிறைஞ்சுபோச்சு.

இன்னொரு இடத்துல, பேர் வேண்டாம், "குழந்தை டாக்டர் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க"ன்னு வாசல்லயே திருப்புனாங்க. குழந்தை நெஞ்சுக்குழி உள்வாங்கி மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு. குழந்தை டாக்டர் இல்லாம இருக்கலாம், தப்பில்லை. ஆக்சிஜன் குடுத்து, சர்க்கரை பார்த்து, கையில ஒரு லைன் (நரம்புல ஊசிக்குழாய்) போட்டு, அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டு அனுப்பலாமே. இதை நினைச்சா இப்பவும் ஆத்திரமா வருது.

ரெண்டு பிள்ளை அம்மா:

நான் மருத்துவத் துறை இல்லை. சின்னவனுக்கு ரெண்டரை வயசுல முதல் தடவை வீசிங் வந்தது. பக்கத்துல இருந்த கிளினிக்ல "அம்மா வெளியே நில்லுங்க"ன்னு கதவைச் சாத்திட்டாங்க. உள்ளே அவன் கத்துறது தெருவரைக்கும் கேட்டுது. கத்தக் கத்த இழுப்பு அதிகமாச்சு. கொஞ்சமும் குறையலைன்னு அங்கிருந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்குடுத்தாங்க. அங்கே இருந்த சிஸ்டர், "மடியிலேயே வச்சுக்கோங்கம்மா, நீங்கதான் மாஸ்க்கைப் பிடிக்கணும்"னாங்க. ஆக்சிஜன் அளவு பார்க்க விரல்ல மாட்டுற கிளிப் அவனுக்குப் பெருசா இருந்து நழுவி நழுவி விழுந்துது. உடனே பேண்ட்எய்ட் மாதிரி ஒட்டுற ஒண்ணை எடுத்துக் கால் கட்டைவிரல்ல சுத்தி, அதுமேல சாக்ஸ் போட்டு விட்டாங்க. நெபுலைசர் புகை வரும்போது "பாரு, ரயில் வருது"ன்னாங்க. அவன் அழுகையை நிறுத்திட்டு வேடிக்கை பார்த்தான். அந்த சிஸ்டர் பேர்கூடக் கேட்டுக்கல. எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்.

எழும்பூர்ல படிச்சவன்:

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையின் எமர்ஜென்சியில் பயிற்சி எடுத்துவிட்டு இப்போது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். அங்கே முதலில் சொல்லிக்கொடுத்தது பார்ப்பதற்கு. ஸ்டெதஸ்கோப்பைத் தொடுவதற்கு முன்பே, பிள்ளை நம்மைப் பார்க்கிறதா, துவண்டு கிடக்கிறதா? மூச்சுக்குச் சிரமப்படுகிறதா? தோல் வெளுத்தோ திட்டுத்திட்டாகவோ இருக்கிறதா? இந்த மூன்றும் அரை நிமிட வேலை. பி.பி. நார்மல் என்று நம்பி உட்காரக்கூடாது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் பி.பி.யை நெடுநேரம் தாக்குப்பிடிப்பார்கள், இறங்கத் தொடங்கினால் மளமளவென்று போய்விடும்.

108 தம்பி சொன்ன "குழந்தை டாக்டர் இல்லை" என்ற பேச்சு எல்லா நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் 2013-ல் 4,000-க்கும் மேற்பட்ட எமர்ஜென்சிகளைக் குழந்தைகளுக்கான தயார்நிலையில் அளந்து பார்த்தார்கள். 100-க்கு நடு மதிப்பெண் (பாதி இடங்கள் இதற்குக் கீழே) 69-தான். அங்கேயும் பெரும்பாலான குழந்தைகள் போவது பொது ஆஸ்பத்திரிகளுக்கே. மதிப்பெண் உயர்ந்த இடங்களில் கவலைக்கிடமான குழந்தைகளின் இறப்பு குறைவு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அவர்கள் முக்கியமாகச் சொல்வது, குழந்தைகளுக்கென்று ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் பொறுப்பாக்குங்கள், எடையைக் கிலோவில் மட்டும் எழுதுங்கள். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

பணம் இல்லாத இடத்திலும் முடியும். மலாவியின் பிளான்டைர் அரசு மருத்துவமனையில், வரிசையில் நின்ற குழந்தைகளை வந்தவுடன் பார்த்துப் பிரித்து, அவசரமானவர்களுக்கு அங்கேயே சிகிச்சை தொடங்கும்படி மாற்றியமைத்தார்கள். உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 10-18 சதவீதத்திலிருந்து 6-8 சதவீதமாக இறங்கியது. நம் தமிழ்நாட்டு அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டமான டி.ஏ.இ.ஐ.யின் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகளும் இதே வழிதான். என் அபிப்பிராயத்தில் வெண்டிலேட்டர் வாங்குவதற்கு முன்னால் இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலையைச் சரிசெய்யவேண்டும்.

சிஸ்டரின் சார்ட்டுக்கு ஒரு சின்னச் சேர்க்கை. எடை பார்க்க முடியாத நிலையில் சிலர் பிராஸ்லோ டேப்பை வைத்து உயரத்திலிருந்து எடையைக் கணிப்பார்கள். 10 கிலோவுக்கு மேற்பட்ட இந்தியக் குழந்தைகளுக்கு அது எடையைக் கூட்டிக் காட்டுவதாக இங்கே செய்த ஆய்வுகள் சொல்கின்றன. டேப் காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நைட் டூட்டி சிஸ்டர்:

நன்றி டாக்டர். நாங்கள் மாசம் ஒருமுறை ஒரு பொம்மையைத் திடீரென்று ட்ராலியில் போட்டு, "எட்டு மாசக் குழந்தை, மூச்சில்லை" என்று சத்தம் கொடுப்போம். போன தடவை பெரியவர்களுக்கான மாஸ்க்தான் கைக்கு வந்தது. சின்னது அலமாரியின் அடியில் பிரிக்காத கவரில் கிடந்தது. இப்போது குழந்தை டிராயருக்கு மட்டும் மஞ்சள் ஸ்டிக்கர். நரம்பில் போடும் மஞ்சள் வென்ஃப்ளான் (குழந்தைகளுக்கான மெல்லிய ஊசிக்குழாய்), சின்ன மாஸ்க்குகள், எலும்பில் போடும் ஊசி எல்லாம் அதில்தான். லைன் கிடைக்காமல் குத்திக் குத்தி நேரத்தை விடுவதைவிட முழங்காலுக்குக் கீழே எலும்பில் போடுவது மேல் என்று பழகிய பிறகுதான் எங்கள் பெண்களுக்கு நம்பிக்கை வந்தது.

வயல்வெளி:

நான் பி.எச்.சி. பார்மசிஸ்ட். ஒரு சந்தேகம் டாக்டர். பாம்பு கடித்த குழந்தைக்கு எடைக்குத் தகுந்தமாதிரி விஷமுறிவு மருந்து வயலை (குப்பியை) குறைக்கணுமா? எங்க பக்கம் ரெண்டு விதமா சொல்றாங்க.

எழும்பூர்ல படிச்சவன்:

குறைக்கக்கூடாது. குழந்தை என்று பார்த்துப் பாம்பு விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. பெரியவருக்கு எத்தனை வயலோ அதே எண்ணிக்கைதான் குழந்தைக்கும். அதைக் கலக்கிற சலைனின் அளவை மட்டும் எடையைப் பார்த்துக் குறையுங்கள். ஒவ்வாமை வரலாம் என்பதால் தொடையில் போட அட்ரினலின் 1:1000 பக்கத்திலேயே இருக்கட்டும், கிலோவுக்கு 0.01 மி.லி. 15 கிலோ பிள்ளைக்கு 0.15 மி.லி. இதைப் பெரிய சிரிஞ்சில் அளக்க முடியாது. 1 மி.லி. சிரிஞ்ச் உங்கள் ட்ரேயில் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் இன்டென்ட் போடுங்கள்.