லாபிஸில் குதித்தவர்களும் குலை வெட்டுகிறவர்களும்

லாபிஸ்_தோட்டத்தான்:
மலேசியா உருவானதை இந்தோனேசியா எதிர்த்து மோதிய காலம் அது. 1964 செப்டம்பர் 2 இரவு இந்தோனேசியப் பாராசூட் படையினர் சுமார் 100 பேர் ஜொகூர் மாநிலத்தில் நம்ம லாபிஸைச் சுற்றிக் குதித்தார்கள். மறுநாளே நாடு முழுக்க அவசரகாலம். இன்று அதே லாபிஸ் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் இந்தோனேசியர்கள். பகை மறைந்து நட்பு வந்துவிட்டது என்கிறார்கள். நான் ஏற்கவில்லை. பயம் போய் இளக்காரம் வந்தது, அவ்வளவுதான்.

செம்பனைமகள்:
இல்லைங்க அண்ணே. 1966 ஆகஸ்டு 11 ஜாகர்த்தாவில் சமாதான ஒப்பந்தம். அடுத்த வருஷமே இரண்டு நாடும் சேர்ந்து ஆசியானைத் தொடங்கின. 70களில் அங்கிருந்து ஆசிரியர்களை வரவழைத்து நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தச் சொன்னோம். இளக்காரமாக நினைக்கிறவன் வாத்தியாரை அழைப்பானா?

லாபிஸ்_தோட்டத்தான்:
அது மேலிடத்துக் கதை தங்கச்சி. இரண்டு நாடும் செய்த 1984 மேடான் ஒப்பந்தம் அங்கிருந்து ஆள் கொண்டுவருவதைச் சட்டமாக்கியது. அதற்கு முன்பே காண்டிராக்ட்காரர்கள் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தார்கள். எங்கப்பா கூலி உயர்வு கேட்டால், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் சொல்வது ஒன்றே: "வேணாம்னா போ, இந்தோக்காரன் காத்திருக்கான்." அந்தக் கோபம் இன்னும் எங்களுக்கு ஆறவில்லை.

செம்பனைமகள்:
கோபம் நியாயம்தான், ஆனால் யார் மேல்? கூலியை இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்தவனா நிர்ணயித்தான்? அவன் கடப்பிதழே (பாஸ்போர்ட்) தோட்டக் கணக்குப்பிள்ளையான கிராணியின் மேசையில் பூட்டிக் கிடந்தது. நம் கொள்ளுத்தாத்தாவை ஆள் சேர்க்கும் கங்காணி தமிழ்நாட்டிலிருந்து கூட்டி வந்தபோதும் கூலி பேசியது அவர் இல்லையே.

சிகாமட்_வாசகர்:
இருவரும் நம் பார்வையை மட்டுமே பேசுகிறீர்கள். அவர்கள் பார்வையும் மாறியது. இங்கே பணிப்பெண்கள் பட்ட கொடுமையைக் கண்டு 2009 ஜூனில் பணிப்பெண்களை அனுப்புவதையே ஜாகர்த்தா நிறுத்தியது. 2011 கடைசியில்தான் திறந்தது. 2019-இல் அங்கிருந்து வந்த புகைமூட்டத்தில் நாம் அவர்களைத் திட்டினோம். அங்கே தீப்பிடித்ததால் அதிகாரிகள் முத்திரையிட்ட நிலங்களில் மலேசியக் கம்பெனிகளைச் சேர்ந்தவையும் இருந்தன. இது நம் ஊர்ப் பேச்சில் வந்ததே இல்லை.

லாபிஸ்_தோட்டத்தான்:
சரி, கோபம் முதலாளி மேல் போகட்டும். ஆனால் இன்று சண்டை இல்லாததற்குக் காரணம் நம் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனது. போட்டிக்கு ஆளில்லாமல் வந்த அமைதியை மரியாதை என்று ஒப்ப மாட்டேன்.

செம்பனைமகள்:
அப்படியானால் மரியாதையை நாமே காட்டுவோம். அடுத்தவர் கடப்பிதழைப் பிடித்து வைப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எங்கள் தோட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதுகிறேன். அண்ணே, கையெழுத்துப் போடுவீர்களா?