அம்மாவின் அடக்கத் திருப்பலி: ஞாயிறு வைக்க முடியாதா? சிங்கள வாசகம் சேர்க்கலாமா?

கொட்டாஞ்சேனை மகள்
அம்மா நேற்று விடியற்காலை காலமானார். 81 வயது. முதல் நாள் பின்னேரம்தான் ஃபாதர் வந்து நோயில் பூசுதல் கொடுத்தார். அம்மா நற்கருணையும் வாங்கினார். அது ஒன்றே எங்களுக்கு ஆறுதல். உடல் பொரளையில் ஒரு மலர்ச்சாலையில் இருக்கிறது, நாளை வீட்டுக்கு வரும். பொரளைக் கனத்தை மயானத்தில் அப்பாவின் கல்லறையிலேயே தன்னையும் வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

அண்ணா டொரன்டோவிலிருந்து சனி நள்ளிரவு வந்து இறங்குகிறார். அதனால் ஞாயிறு மூன்று மணிக்குப் புனித லூசியாள் பேராலயத்தில் திருப்பலி என்று உறவுக்காரருக்குச் சொல்லத் தொடங்கிவிட்டோம். இன்று ஃபாதரிடம் போனால், தவக்கால ஞாயிறில் அடக்கத் திருப்பலி வைப்பதில்லை என்கிறார். எங்கள் வீட்டில் இது ஒருவருக்கும் தெரியாது. அண்ணாவோ "இன்னொரு தரம் கேட்டுப் பார்" என்கிறார்.

மொழியும் ஒரு பிரச்சினை. அம்மா காலம் முழுக்கத் தமிழில்தான் பூசை கண்டவர். என் கணவர் நீர்கொழும்புச் சிங்களவர், பிள்ளைகள் படிப்பதும் சிங்களத்தில். கடைசி நான்கு வருடமும் அம்மா படுக்கையில் இருந்து செபமாலை சொன்னது என் மூத்தவளோடு, சிங்களத்தில். அவளுக்கு 14 வயது. "அம்மம்மாவுக்கு நான்தான் வாசிக்க வேணும்" என்று அழுகிறாள். தமிழ்ப் பூசையில் சிங்கள வாசகம் வைக்கலாமா?

அண்ணா பிரசங்க நேரத்தில் அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும் என்கிறார். அம்மாவுக்குப் பிடித்த ஒரு அல்லேலூயாப் பாட்டும் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மட்டக்குளிப் பாடகி
தங்கச்சி, அம்மாவின் ஆன்மா இளைப்பாறட்டும். 28 வருடமாக மரண வீடுகளிலும் கோயிலிலும் பாடி வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

ஃபாதர் சொன்னது சரி. கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக் காலம், உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய தவக்காலம், அதற்குப் பிந்திய பாஸ்கா காலம் ஆகியவற்றின் ஞாயிறுகளிலும், பெரிய வியாழன் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரையும் அடக்கத் திருப்பலி கிடையாது. அவரிடம் திரும்பக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேண்டாம். ஞாயிறே அடக்கம் செய்வதானால் வாசகமும் செபமும் வைத்து அடக்கலாம், திருப்பலியைப் பிறகு ஒரு நாள் ஒப்புக்கொடுக்கலாம். ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் திங்கள்தான் வைப்பேன். அம்மாவின் பெட்டி முன்னால் இருக்க அந்தப் பூசையைக் காண்பது வேறு. அண்ணாவும் ஒரு நாள் முழுக்க அம்மா பக்கத்தில் இருப்பார்.

மகள் கட்டாயம் வாசிக்கட்டும். கொழும்பில் கலப்புக் குடும்பங்களுக்கு இப்படி எத்தனையோ பூசை நடந்திருக்கிறது. சாலமோனின் ஞானம் 3:1-9 சிங்களத்தில் அவளுக்கு, திருப்பாடல் 23 தமிழில் பாட்டாக, நற்செய்திக்கு யோவான் 14:1-6 என்று ஃபாதரிடம் கேளுங்கள். மன்றாட்டுகளை மொழி மாற்றி மாற்றி வைக்கலாம். பூசையின் நடுவில் ஃபாதர் சொல்லும் நற்கருணை மன்றாட்டு தமிழிலேயே இருக்கட்டும். பிரசங்கத்தின் கடைசியில் சிங்களத்தில் கொஞ்சம் பேசச் சொல்லுங்கள், உங்கள் கணவர் வீட்டார் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது.

அண்ணாவின் பேச்சு பிரசங்க நேரத்தில் வராது. அடக்கத் திருப்பலியின் பிரசங்கம் இறந்தவரைப் புகழ்வதற்கு அல்ல, கிறிஸ்துவின் உயிர்ப்பைச் சொல்வதற்கு. நற்கருணைக்குப் பிந்திய செபம் முடிந்து, தீர்த்தம் தெளித்துத் தூபம் காட்டி அம்மாவை ஒப்புக்கொடுப்பதற்கு முன், குடும்பத்தில் ஒருவர் சுருக்கமாகப் பேசலாம். மூன்று நிமிடம், தாளில் எழுதி. எழுதாமல் ஏறியவர்கள் நடுவில் உடைந்து நின்றதை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே மனம் தாங்காது. ஞாயிறு இரவு வீட்டில் செபமாலை முடிந்த பிறகு அவர் எவ்வளவு நேரமும் பேசட்டும். அம்மாவை அறிந்த அயலவர்கள் அங்கேதான் இருப்பார்கள்.

அல்லேலூயாவைத் தவக்காலத்தில் பாட மாட்டோம். ஆனால் கணக்குப் பாருங்கள்: வருகிறது தவக்காலத்தின் 4ம் ஞாயிறு. அம்மாவின் 31ம் நாள் உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த வெள்ளி. நினைவுத் திருப்பலியில் அந்தப் பாட்டை வாய் நிறையப் பாடுங்கள்.

பொரளை வாசி
ஆழ்ந்த அனுதாபம். கனத்தை மாநகர சபைக்குக் கீழே இருக்கிறது. அப்பாவின் கல்லறைப் பத்திரத்தை இன்றே தேடி எடுங்கள். போன வருடம் எங்கள் தாத்தாவின் பத்திரம் பெரியப்பா வீட்டு அலுமாரியில் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க ஒரு பகல் போய்விட்டது. திங்கள் என்றால் வெள்ளியே அலுவலகத்தில் சொல்லிவிடுவது நல்லது. பின்னேரம் பொரளைச் சந்தியில் வாகன நெரிசல், பூசையை இரண்டு மணிக்கு வைக்கப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை மகள்
அக்கா, அண்ணாவுக்கு உங்கள் பதிலை அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "சரி, திங்கள்" என்றார். ஃபாதரும் இரண்டு மணிக்குச் சம்மதித்துவிட்டார், சிங்கள வாசகத்துக்கும்தான். பத்திரம் அம்மாவின் செபப் புத்தகத்துக்குள்ளேயே மடித்து வைத்திருந்தது. மகள் இப்போது அம்மாவின் கட்டிலில் இருந்து வாசித்துப் பழகுகிறாள். எங்கள் பாடகர் குழுவில் பாதிப்பேர் திங்கள் வேலைக்குப் போகிறவர்கள், அதுதான் யோசனை.

மட்டக்குளிப் பாடகி
நாங்கள் நான்கு பேர் வருகிறோம். ஒன்றரைக்குக் கோயிலில் இருப்போம்.