அகழாய்வு எதையாவது ‘அம்பலப்படுத்துமா’?

வழிப்போக்கன்:
“கீழடி அகழாய்வு, வைகைக் கரையின் பழைய நகர வாழ்வை அம்பலப்படுத்தியது” என்று ஒரு கட்டுரையில் படித்தேன். உறுத்துகிறது. செங்கல் கட்டுமானமும் தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகளும் என்ன குற்றம் செய்தன? ‘வெளிக்கொணர்ந்தது’ என்றுதான் எழுத வேண்டும்.

ஏடகம்:
ஏன் கூடாது? அம்பலம் என்றால் பொது இடம், மன்று. தில்லைக் கூத்தனுக்கு அம்பலவாணன் என்று பெயர். “ஏழை சொல் அம்பலம் ஏறாது” என்கிறோம். அங்கே அம்பலம் ஏறுவது மரியாதை. மண்ணுக்குள் கிடந்ததை ஊரார் பார்வைக்குக் கொண்டுவந்தால் அதுவும் அம்பலப்படுத்துவதுதான்.

வழிப்போக்கன்:
பெயர்ச்சொல்லின் பெருமை வினைக்கு அப்படியே வந்துவிடாது. பழமொழியில் சொல் தானே ஏறப் பார்க்கிறது. இந்த வினையில் ஒருவர் இன்னொருவரை இழுத்துவந்து நிறுத்துகிறார். 1972-ல் வாட்டர்கேட் வளாகத்தில் இருந்த எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்தார்கள். அதன் பின்னணியை வெள்ளை மாளிகை மூடி மறைத்தது, பத்திரிகையாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். இங்கே சொல் கச்சிதமாக உட்காருகிறது. மறைத்தவர் இருக்கிறார், மறைத்ததில் தப்பும் இருக்கிறது. வைகை மண் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லையே!

ஏடகம்:
‘படுத்து’ வந்தாலே இழுத்து நிறுத்துவது என்றால், மேம்படுத்து, அறிமுகப்படுத்து எல்லாம் என்னவாம்?

வழிப்போக்கன்:
சரி, வழக்கை மட்டும் பாருங்கள். ஒருவர் தன் பெயர் தெரியாமல் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார். அது தெரியவந்ததும் “அவருடைய கொடையை அம்பலப்படுத்தினார்கள்” என்று எழுதுவீர்களா? அங்கேயும் மறைவு உண்டு. ஆனாலும் கை வராது. குற்றம் என்று மனசுக்குள் முடிவு செய்த பிறகுதான் இந்தச் சொல்லை எடுக்கிறோம்.

பிழைதிருத்தி:
இடையில் வருகிறேன். எனக்குக் கவலை செய்தித் தலைப்புதான். புகார் கொடுத்த அன்றே “மோசடி அம்பலம்” என்று போட்டுவிடுகிறார்கள். விசாரணையே தொடங்கியிருக்காது, அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அப்புறம் அந்த ஆள் விடுதலையானால் அந்தத் தலைப்பை யார் திரும்பப் பெறுவார்கள்? ‘புகார்’, ‘குற்றச்சாட்டு’ என்று நல்ல சொற்கள் இருக்கின்றனவே.

ஏடகம்:
தலைப்பு விஷயத்தில் உங்கள் பக்கம்தான். ஆனால் அம்பலம் என்றாலே அசிங்கம் என்று விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. பொது மன்றின் பெயரை நாம்தான் இப்படிச் சுருக்கினோம். நல்ல செய்திக்கும் துணிந்து எழுதினால் மெல்ல மாறும்.

வழிப்போக்கன்:
எழுதுங்கள், தடுக்கவில்லை. ஆனால் இன்றைக்குப் படிப்பவர் ‘யார் மாட்டிக்கொண்டார்கள்?’ என்றுதான் முதலில் தேடுவார். கீழடிக்கு அது வேண்டாம்.